185டெல்ஏஜி யூதர்களுக்கு மட்டுமா? மார்பகப் புற்றுநோய் மரபணுவும் நம் குடும்பங்களும்

கேள்வி, சுருக்கமாக: கடலூர் முதுநகர்க் குடும்பம். அக்காவுக்கு 39 வயதில் ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஏற்பிகள் மூன்றும் இல்லாத) மார்பகப் புற்றுநோய். புதுச்சேரியில் சிகிச்சை நடக்கிறது. மரபணுப் பரிசோதனையில் "பிஆர்சிஏ2, வியுஎஸ்" (பிஆர்சிஏ2 மரபணுவில் ஒரு மாற்றம், அர்த்தம் நிச்சயமில்லை) என்று வந்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் எச்சில் கிட் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு நெகட்டிவ். இது யூதர்களுக்கு வருகிற மியூட்டேஷன், நமக்கெல்லாம் கிடையாது" என்கிறார். அப்பாவின் தங்கை 50 வயதுக்குள் "வயிற்றில் தண்ணீர் கட்டி" இறந்திருக்கிறார். அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். மியூட்டேஷன் இனத்துக்கு இனம் மாறுமா? 34 வயதுத் தங்கையான நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மாறும். ஆனால் உங்கள் சித்தப்பா மகன், அதாவது அண்ணன், நினைக்கிற மாதிரி அல்ல. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பவை கெட்டால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் இரண்டு மரபணுக்கள். பிஆர்சிஏ1 எல்லோருக்கும் 17-வது குரோமோசோமில்தான் இருக்கிறது, பிஆர்சிஏ2 எல்லோருக்கும் 13-வதில். இரண்டின் முக்கிய வேலையும் ஒன்றே: டிஎன்ஏ இழை இரண்டும் சேர்ந்து அறுந்தால் பிசகில்லாமல் ஒட்டவைப்பது. அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990-ல் முதலாவதன் இடத்தைக் காட்டினார். 1994-ல் அந்த மரபணு கையில் கிடைத்தது, 1995-ல் இரண்டாவது. எந்தச் சமூகத்திலும் இந்த மரபணு கெட்டால் விளைவு ஒன்றுதான். மாறுவது, எந்த எழுத்தில் கெட்டிருக்கிறது, எத்தனை பேருக்குக் கெட்டிருக்கிறது என்பது. அதைத் தீர்மானிப்பது தோல் நிறமோ ரத்தமோ அல்ல, யார் யாரோடு எத்தனை தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள் என்கிற கல்யாண வரலாறு.

ஒரு சிறு கூட்டம் பிரிந்துபோய்த் தனியாகப் பெருகினால், அந்த முதல் சில பேரில் ஒருவரிடம் இருந்த பழுது (மியூட்டேஷன்) பிறகு ஆயிரக்கணக்கான பேரிடம் இருக்கும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் நடந்தது இதுதான். அவர்களிடம் மூன்று பழுதுகள்: பிஆர்சிஏ1-ல் 185டெல்ஏஜி, 5382இன்ஸ்சி, பிஆர்சிஏ2-ல் 6174டெல்டி. ஏறக்குறைய 40 பேரில் ஒருவர் இவற்றில் ஒன்றைச் சுமக்கிறார்; பொதுவான மக்கள்தொகையில் பிஆர்சிஏ பழுது சுமப்பவர் ஏறக்குறைய 400-ல் ஒருவர். ஐஸ்லாந்தில் பிஆர்சிஏ2-ல் ஒரே ஒரு பழுதுதான் பெரும்பான்மை. போலந்தில் பிஆர்சிஏ1-ல் மூன்று. தெற்கு பிரேசிலில் பிஆர்சிஏ-வே அல்லாத டிபி53 மரபணுவில் ஆர்337ஹெச் என்ற பழுது, அந்தப் பகுதியில் சுமார் 300 பேருக்கு ஒருவரிடம். செக்2 மரபணுவின் 1100டெல்சி வட ஐரோப்பாவில் நூற்றில் ஒருவர் அளவுக்கு உண்டு, நம்மிடம் அரிது. ஜப்பான், கொரியா, சீனாவில் பிஆர்சிஏ2-வின் பங்கு கூடுதல்; இந்தியாவில் வந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பிஆர்சிஏ1 முந்துகிறது.

இப்போது அந்த 185டெல்ஏஜி. உங்கள் அண்ணன் "யூதர்களுடையது" என்றது இதைத்தான். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

மரபணுவை செல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். "அவர் கடல் அருகே இல்லை" என்று ஒரு வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. இதில் "கட" என்ற இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகவே படியுங்கள்: "அவர் ல்அரு கேஇல் லை". விழுந்தது இரண்டு எழுத்து, கெட்டது அதற்குப் பிறகு வரும் எல்லாம். 185டெல்ஏஜி செய்வதும் இதுவே. பிஆர்சிஏ1 புரதம் 1,863 கண்ணி நீளம்; ஏ, ஜி என்ற இரண்டு எழுத்து விழுந்ததும் 39-வது இடத்திலேயே "நிறுத்து" என்ற குறி வந்து வேலை முடிந்துவிடும். துண்டுப் புரதத்தால் ஒன்றும் ஆகாது.

இது ஏன் நம் ஊரிலும்? அந்த இடத்தில் ஏஜி-ஏஜி என்று ஒரே ஜோடி அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. நகலெடுக்கும்போது செல் அங்கே வழுக்கி ஒரு ஜோடியை விட்டுவிட வாய்ப்பு அதிகம். அப்படி வழுக்கல் உலகில் ஒரு முறை மட்டும்தான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தென்னிந்தியப் பெண்களிடம் செய்த ஆய்வுகளில் இந்த மாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அடிக்கடி தென்படும் மாற்றம் என்றே குறித்தது. அக்கம்பக்க டிஎன்ஏ அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் இந்தியக் குடும்பத்தில் அவை யூதர்களுடைய அடையாளங்களோடு ஒத்துப்போகவில்லை. அதாவது தனியாக இங்கேயே உண்டானது. ஆகவே ரிப்போர்ட்டில் 185டெல்ஏஜி வந்தால் "எங்களுக்கு யூத வம்சமா" என்று குழம்ப வேண்டியதில்லை. (மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் சில ஸ்பானிய வம்சக் கத்தோலிக்கர்களிடம் இதே மாற்றம் இருந்தது. அவர்களுக்கு உண்மையிலேயே பழைய யூதத் தொடர்பு உண்டு.)

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். பழைய ரிப்போர்ட்டில் 185டெல்ஏஜி, சிலதில் 187டெல்ஏஜி, இன்றைய ரிப்போர்ட்டில் சி.68_69டெல் என்றிருக்கும். மூன்றும் ஒன்றே. பழைய முறையில் புரதம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள 119 எழுத்துகளையும் சேர்த்து எண்ணினார்கள். இப்போது புரதம் தொடங்கும் எழுத்திலிருந்து எண்ணுகிறோம். 187-லிருந்து 119 கழித்தால் 68. 185, 187 என்ற வித்தியாசம், அடுத்தடுத்த இரண்டு ஏஜி-யில் எது விழுந்தது என்று சொல்ல முடியாததால் வந்தது. இதேபோல 5382இன்ஸ்சி இன்று சி.5266டூப், 6174டெல்டி இன்று சி.5946டெல். புதுச்சேரிப் பக்கம் பல குடும்பங்களுக்கு பாரிசிலோ அதன் சுற்றுப்புறத்திலோ சொந்தம் உண்டு; அங்கே யாருக்காவது சோதனை நடந்திருந்தால் ரிப்போர்ட் பிரெஞ்சில் இருந்தாலும் கவலை இல்லை, "சி." என்று தொடங்கும் அந்த ஒரு வரி எல்லா மொழியிலும் ஒன்றுதான். அந்த வரி கிடைத்தால் இங்கே உள்ளவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்தால் போதும், செலவும் வெகுவாகக் குறையும்.

அண்ணனின் எச்சில் கிட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் கடையில் வாங்கும் கிட்டுக்கு 2018-ல் அரசு அனுமதி கிடைத்தது மேலே சொன்ன மூன்று யூதப் பழுதுகளுக்கு மட்டும். பிறகு சில டஜன் இடங்கள் சேர்த்தார்கள். பிஆர்சிஏ1-ல் புரதத்துக்கான எழுத்து 5,592, பிஆர்சிஏ2-ல் 10,257. கிட்டத்தட்ட 15,800 எழுத்தில் சில டஜன் இடத்தைப் பார்த்துவிட்டு "நெகட்டிவ்" என்றால், பெரிய வீட்டில் நடைவாசலை மட்டும் எட்டிப்பார்த்துவிட்டு திருடன் இல்லை என்பது போல. யூதர்களுக்கு அந்த மூன்று இடம் போதுமானதாக இருந்தது அவர்கள் வரலாற்றால். தமிழர்களுக்கு அப்படி ஒரு கைப்பட்டியல் கிடையாது. மரபணு முழுவதையும் படிக்க வேண்டும்.

ஏன் கிடையாது? நாமும் சாதிக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்தவர்கள்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. 2017-ல் தெற்காசியாவின் 263 குழுக்களின் டிஎன்ஏ-வை ஆராய்ந்தபோது, 81 குழுக்கள் யூதர்களைவிடவும் பின்லாந்துக்காரர்களைவிடவும் குறுகிய தொடக்கத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஆரிய வைசியர்களிடம் மயக்க மருந்தின்போது தசை நெடுநேரம் செயலற்றுப்போகும் ஒரு நொதிக் குறைபாடு அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான். அப்படியானால் இங்கே ஒரு பட்டியல் அல்ல, ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு தனித்தனிச் சிறு பட்டியல்கள் இருக்க வேண்டும். "தமிழர்" என்பதோ "இந்தியர்" என்பதோ மரபணு அலகே அல்ல. புற்றுநோய்க்கு அந்தச் சிறு பட்டியல்களை இன்னும் யாரும் எழுதி முடிக்கவில்லை.

சொந்தத்தில் கல்யாணம் பற்றி: உங்கள் அம்மா-அப்பா உறவுக்காரர்கள் என்பதால் பிஆர்சிஏ ஆபத்து கூடிவிடாது. இது ஒற்றை நகல் கெட்டாலே போதுமான பழுது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம், மகனோ மகளோ. உறவுத் திருமணம் கூட்டுவது இரண்டு நகலும் கெட்டால் வரும் நோய்களை. இங்கே ஒரு விதிவிலக்கு: கணவன் மனைவி இருவருமே பிஆர்சிஏ2 பழுதைச் சுமந்தால் பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் ஃபேன்கோனி ரத்தசோகை வரலாம். பழுது உறுதியான குடும்பத்தில் மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே மரபணு ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

சொந்தக் கல்யாணம் வேறொரு இடத்தில் இடிக்கும்: குடும்ப மரம் வரைவதில். ஆலோசகர் "அம்மா வழியா, அப்பா வழியா" என்பார். உங்கள் வீட்டில் இரண்டும் ஓரிடத்தில் போய்ச் சேரும். அதனால் பெயரோடு வரையுங்கள், உறவுச் சொல்லோடு மட்டும் வேண்டாம். "அத்தை" என்றால் அப்பாவின் தங்கையா, மாமாவின் பெண்டாட்டியா, மாமியாரா? முதலாமவர் ரத்தம், மற்ற இருவரும் சொந்தத்தில் கட்டியவர்களாக இருந்தால்தான் ரத்தம். "அண்ணன்" கூடப்பிறந்தவரா ஒன்றுவிட்டவரா? ஆங்கிலத்தில் ஆண்ட்டி என்று எழுதிவிட்டால் பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாம் ஒரே குட்டையில் விழும். சித்தி, பெரியம்மா என்ற தமிழ்ச் சொற்கள் அதைவிடத் துல்லியம், அதையே எழுதச் சொல்லுங்கள். மூன்று தலைமுறை, நோய் வந்த வயது, எந்த உறுப்பு. "வயிற்றில் தண்ணீர் கட்டி" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதில் கல்லீரல் நோயும் இருக்கும், சினைப்பைப் புற்றுநோயும் இருக்கும். பெண்ணுக்கு, 50 வயதுக்குள், குடிப்பழக்கம், மஞ்சள் காமாலை எதுவும் இல்லாமல் வயிறு ஊதியது என்றால் இரண்டாவதைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் அத்தையின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எங்காவது பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள். ஸ்கேன் தாளில் "ஓவரி" என்ற சொல் இருந்தாலே படம் மாறிவிடும். நோய் அப்பா வழியாகவும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அப்பாவுக்கு மார்பகப் புற்றுநோய் வராததால் அவர் சுமக்கவில்லை என்று ஆகாது.

இனி வியுஎஸ். "அர்த்தம் நிச்சயமில்லாத மாற்றம்" என்று பொருள். மாற்றங்களை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள்: கெடுதல், கெடுதலாக இருக்கலாம், தெரியாது, தீங்கற்றதாக இருக்கலாம், தீங்கற்றது. நடுப்படி வியுஎஸ். இந்தியர்களுக்கு இது வெள்ளையர்களைவிட அதிகமாக வருகிறது. காரணம் நம் மரபணு மோசமானது என்பதல்ல. ஒரு மாற்றம் நூறு பேரில் ஒருவரிடம் சாதாரணமாக இருந்தால் அது கடும் புற்றுநோய்ப் பழுதாக இருக்க முடியாது என்று எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த நூறு பேர் கடலூர்க்காரர்களாக இருந்து, ஒப்பிடும் தரவுத்தளத்தில் பெரும்பாலும் ஐரோப்பியர்களே இருந்தால்? அங்கே அது "யாரிடமும் இல்லாத அரிய மாற்றம்" போலத் தெரியும், நடுப்படியில் மாட்டிக்கொள்ளும். இதற்காகத்தான் மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்-இன் இண்டிஜென் திட்டம் ஆயிரத்துச் சொச்சம் இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்தது. ஜீனோம்இந்தியா திட்டம் 10,000 பேருடையதை முடித்து 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்தது. வகை மாற்றப்படும் வியுஎஸ்களில் பெரும்பான்மை தீங்கற்ற பக்கம்தான் போகிறது.

ஆகவே வியுஎஸ்-ஐ வைத்து எதையும் அறுக்கவோ எடுக்கவோ கூடாது. ஓலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரையும் அதற்குக் கிடையாது; மார்பகப் புற்றுநோயில் அது கெடுதல் என்று உறுதியான பிஆர்சிஏ பழுதுக்குத்தான். உங்களுக்கு அந்த வியுஎஸ் இருக்கிறதா என்று காசு கொடுத்துப் பார்ப்பதும் வீண். இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது. ஆய்வகமே கேட்டு இலவசமாகச் செய்தால் கொடுக்கலாம், குடும்பத்தில் நோயோடு சேர்ந்து அது போகிறதா என்று பார்க்க அவர்களுக்கு உதவும்.

அக்காவின் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பிஆர்சிஏ1-ல் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்களா? 39 வயது, ட்ரிபிள் நெகட்டிவ், அத்தைக்குச் சினைப்பைப் புற்றுநோயோ என்ற சந்தேகம்: இது பிஆர்சிஏ1-ன் கைவரிசை போலத்தான் இருக்கிறது. பிஆர்சிஏ1 பழுதுள்ளவர்களின் கட்டிகளில் பெரும்பான்மை ட்ரிபிள் நெகட்டிவ். பிஆர்சிஏ2-வில் ஹார்மோன் பாசிட்டிவ்தான் மிகுதி. அடுத்து, "டெல்-டூப்" அல்லது "எம்எல்பிஏ" செய்யப்பட்டதா? சாதாரண வாசிப்பு எழுத்துப் பிழையைப் பிடிக்கும், ஒரு பக்கமே கிழிந்துபோனதைச் சில நேரம் தவறவிடும். நெதர்லாந்தில் பிஆர்சிஏ1-ன் 13-ம் பகுதியும் 22-ம் பகுதியும் மொத்தமாகக் காணாமல் போகும் பழுதுகள் இப்படித்தான் முதலில் பிடிபடாமல் இருந்தன. பிறகு, பேனலில் (ஒரே சோதனையில் சேர்த்துப் பார்க்கும் மரபணுப் பட்டியலில்) பால்பி2, டிபி53, பிடென், ஏடிஎம், செக்2 இருந்தனவா? கடைசியாக, சோதித்தது ரத்தத்தையா, அறுத்தெடுத்த கட்டியின் பிளாக்கையா (மெழுகில் பதித்த துண்டையா)? கட்டியில் மட்டும் உண்டான மாற்றம் குடும்பத்துக்குப் போகாது. இதில் எது விடுபட்டிருந்தாலும் அக்காவுக்கே மறுபடி செய்வது முதல் வேலை. நோய் வந்தவரை விட்டுவிட்டு நோயில்லாதவரைச் சோதித்தால், நெகட்டிவ் என்று வரும் தாளுக்கு அர்த்தமே இருக்காது.

ரத்த மாதிரி பற்றி, ஏனென்றால் கடலூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பும் மாதிரிகள் வழியில் கெடுகின்றன. ஊதா மூடி இடிடிஏ குழாய், 3 முதல் 5 மில்லி. எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்; குலுக்கக் கூடாது. இதைச் செய்யாவிட்டால் உறையும். பச்சை மூடி ஹெப்பாரின் குழாய் ஆகாது, அது டிஎன்ஏ-வை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். குளிர்பெட்டியில் ஐஸ்மீது நேரடியாக வைத்து உறைய விடாதீர்கள். மே மாதத்தில் பஸ் டிக்கியில் போட்டும் அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று நாளில் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. கீமோ நடந்துகொண்டிருந்தாலும் எடுக்கலாம். பிறருடைய எலும்பு மஜ்ஜையை மாற்றிக்கொண்டவர்களுக்கு ரத்தம் உதவாது. முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகும்.

படிவத்தில் "எத்னிசிட்டி" என்று ஒரு கட்டம் வரும். "ஏஷியன்" என்று போட்டு விட்டுவிடாதீர்கள். லண்டனில் ஏஷியன் என்றால் பெரும்பாலும் நம்மைக் குறிக்கும், அமெரிக்காவில் சீனர், கொரியர் நினைவு வரும். "தென்னிந்தியர், தமிழ்" என்று எழுதி, தாத்தா பாட்டி நால்வரின் ஊரையும் எழுதுங்கள். ஊரும் உட்பிரிவும் வகைப்படுத்துகிறவருக்குப் பயன்படும் தகவல். எழுத விருப்பமில்லாவிட்டால் ஊர் மட்டுமாவது.

இன்னொரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "இந்தியப் பெண்களுக்கு வெள்ளைக்காரிகளைவிடப் பத்து வருஷம் முன்னாடியே வருகிறது, நம் ஜீன் அப்படி." சராசரி வயது குறைவு என்பது உண்மை. ஆனால் நம் மக்கள்தொகையே இளமையானது. எழுபது வயதுப் பெண்கள் குறைவாக இருக்கும் நாட்டில் சராசரி கீழேதான் இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஜீனுக்குக் கிடைக்கும் பழி வெகுவாகச் சுருங்குகிறது. ட்ரிபிள் நெகட்டிவ் பங்கு இந்தியாவில் மேல்நாட்டு வெள்ளையர்களைவிடக் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆப்பிரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. அதிலும் மேற்கே கானாவில் கூடுதல், கிழக்கே எத்தியோப்பியாவில் குறைவு. மலேரியாவைத் தடுக்க உதவிய டஃபி என்ற ரத்த வகை மாற்றத்தோடு இதற்குத் தொடர்பு காட்டியிருக்கிறார்கள். "கறுப்பினம்" என்ற ஒரே சொல்லுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

உங்களுக்கு. அக்காவிடம் உறுதியான பழுது கிடைத்தால், உங்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தால் அது உண்மையான இல்லை. உங்கள் ஆபத்து மற்ற பெண்களுடையதைப் போன்றதுதான். இருக்கிறது என்று வந்தால் ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, மேமோகிராம்; பிஆர்சிஏ1 என்றால் பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுப்பது பற்றிப் பேச வேண்டும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45. 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர பிஆர்சிஏ1-க்கு 72, பிஆர்சிஏ2-க்கு 69 சதவீதம் என்று படிப்பீர்கள்; 2017-ல் வந்த அந்தக் கணக்கு பெரும்பாலும் வெள்ளையர் குடும்பங்களை வைத்துப் போட்டது, நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்காவிடம் எதுவும் கிடைக்காவிட்டாலும் உங்கள் கணக்கு முடிந்துவிடாது: கூடப்பிறந்தவளுக்கு 39-ல் வந்திருப்பதால், மேமோகிராமை 40 வரை தள்ளாமல் இப்போதே தொடங்குவது சரி, எம்ஆர்ஐ தேவையா என்பதைக் குடும்ப மரத்தை வைத்துக் கணக்கிட்டுச் சொல்வார்கள். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரில் வட்டாரப் புற்றுநோய் மையம் இருக்கிறது. அக்காவின் ஃபைலோடு போய் இதையெல்லாம் கேட்கலாம். பதினெட்டு வயதாகாத பிள்ளைகளுக்கு பிஆர்சிஏ சோதனை இப்போது வேண்டாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தத் தாளைக் காட்ட வேண்டிய கட்டாயமும் கிடையாது.

அக்காவின் ரிப்போர்ட்டில் ஆய்வகத்தின் மாதிரி எண் ஒன்று இருக்கும். அதையும் அந்த "சி." வரியையும் வீட்டில் இரண்டு பேராவது போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த எண்ணைச் சொல்லி, "இந்த வியுஎஸ் வகை மாறியிருக்கிறதா" என்று ஆய்வகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். அக்காவின் போன் எண் மாறினால் அதையும் அவர்களிடம் மாற்றச் சொல்லுங்கள். வகை மாறிய செய்தி பழைய எண்ணுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் கிடப்பது சகஜம்.